பழைய ஸ்பீடு ஹேண்டில்: நூல் பிடித்து வாங்குவது, துரு எடுப்பது, சுற்றப் பழகுவது

ஜீப்பின் ஆயில் சேம்பரை (எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) முதல் தடவை நானே கழற்றியபோது ஒரு முழு மதியம் போய்விட்டது. போல்ட்டுகள் ஒன்றும் இறுகிக் கிடக்கவில்லை. முதல் அழுத்தத்துக்கே இளகிவிட்டன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் வெளியே கொண்டுவருவதில்தான் நேரம் முழுக்கக் கரைந்தது. 5/16 அங்குல யூஎன்சி (அமெரிக்கப் பெருமரை) போல்ட்டில் அங்குலத்துக்கு 18 மரை. அரை அங்குலம் உள்ளே இறங்கியிருந்தால் 9 சுற்று. இடுக்கில் ரிங் ஸ்பானரை ஒரு தடவைக்கு 60 டிகிரிதான் திருப்ப முடியும் என்றால் ஒரு சுற்றுக்கு 6 தடவை, ஒரு போல்ட்டுக்கு 54 தடவை மாட்டி எடுக்க வேண்டும். ஸ்பீடு ஹேண்டிலில் அதே வேலை 9 சுற்று, பத்து விநாடி.

தெரியாதவர்களுக்காக: தச்சர்கள் மரத்தில் துளை போடும் கைப்பிரேஸ் போலவே வளைந்த கம்பி இது. ஒரு முனையில் தானாகச் சுழலும் குமிழ், நடுவில் வெளியே புடைத்த வளைவு, மறுமுனையில் சாக்கெட் (போல்ட் தலையைக் கவ்வும் குழல்) மாட்டும் சதுரம். கடைகளில் ஸ்பீடு பிரேஸ் என்றும் கேட்கலாம். அமெரிக்கப் பழைய கருவிகளில் ஸ்பீடர் என்று இருக்கும்.

புதிதாகவே கிடைக்கிறதே, பழையது எதற்கு? என் கைக்குப் பழையதுதான் பிடிக்கிறது. நான் வாங்கிய புதிய ஒன்றில் வளைவு தடிமனாக இருந்தது, குமிழ் கடகடவென்று ஆடியது. 1930, 40களில் வந்தவை மெலிந்த கம்பியில் நல்ல எஃகாக இருக்கின்றன, சுற்றும்போது பாரம் தெரிவதில்லை. அந்தக் காலத்துப் பட்டறைகளில் காற்று கன் (காற்றழுத்தத்தில் நட்டு சுற்றும் கருவி) எல்லாரிடமும் கிடையாது. நாள் முழுக்கக் கையால் சுற்றியவர்களுக்காகச் செய்தவை அவை.

வாங்கும்போது

சதுரத்தின் அளவு முதலில். 1/2 அங்குலமும் 3/8 அங்குலமும் போதும். 1930களுக்கு முந்தைய அமெரிக்கக் கருவிகளில் 9/16, 5/8 போன்ற அளவுகளும், சதுரத்துக்குப் பதில் அறுகோண முனையும் வரும். அவற்றுக்கு இன்று சாக்கெட் தேடி அலைய முடியாது. அலமாரியில் வைக்க மட்டுமே என்றால் வாங்குங்கள். வால்டன் வூஸ்டர் போன்ற பெயர்களில் சாக்கெட்டும் கம்பியும் ஒரே உடலாக வரும் வகையும் உண்டு. அதில் எழுதியிருக்கும் ஒரே அளவுக்குத்தான் அது உதவும்.

ஒரே கைப்பிடியில் சாக்கெட்டை மாற்றி மாற்றி மாட்டும் யோசனையே அப்போது பெரிய விஷயம். 1920இல் மில்வாக்கியில் தொடங்கிய ஸ்னாப்-ஆன், ஐந்து கைப்பிடியும் பத்து சாக்கெட்டும் சேர்த்து, 'ஐந்து ஐம்பதின் வேலையைச் செய்யும்' என்று சொல்லித்தான் விற்றது. லாஸ் ஏஞ்சலஸின் ப்ளோம்ப் 1940களின் கடைசியில் ப்ரோட்டோ என்று பெயர் மாறியது. அதனால் ப்ளோம்ப் என்ற எழுத்து இருந்தாலே வயதை ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குரோமுக்குத் தட்டுப்பாடு இருந்தது. எனவே அந்த வருடங்களின் கருவி கறுத்தோ மங்கியோ இருந்தால் முலாம் உரிந்துவிட்டது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அதற்குக் குரோம் முலாமே போட்டிருக்க மாட்டார்கள்.

இனி நான் சறுக்கிய இடம். பழைய இரும்புக் கடையில் முதலில் வாங்கியதை மரக் குமிழின் அழகைப் பார்த்து வாங்கினேன். தேய்ந்து தேய்ந்து நாவல்பழக் கொட்டை மாதிரி வழவழப்பு. வீட்டுக்கு வந்து போல்ட்டில் மாட்டிச் சுற்றினால், குமிழ் ஓர் இடத்தில் நிற்காமல் எலுமிச்சம்பழம் அளவுக்கு வட்டம் போட்டது. அந்த ஆட்டத்தில் சாக்கெட் சாய்ந்து சாய்ந்து ஏறி, இரண்டு போல்ட்டின் தலையை மழுக்கிவிட்டது. கம்பி எங்கோ வளைந்திருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியவே இல்லை, ஏனென்றால் இந்தக் கருவியே வளைந்துதானே இருக்கிறது.

அதிலிருந்து நூல் இல்லாமல் கடைக்குப் போவதில்லை. கொத்தனாரும் ஆசாரியும் செய்வதுதான். குமிழின் நடுப்புள்ளியில் நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மறுமுனையைச் சதுரத்தின் நடுவுக்கு இழுத்து விறைப்பாகப் பிடியுங்கள். குமிழுக்குக் கீழே உள்ள நேர்க்கம்பியும் சதுரத்துக்கு மேலே உள்ள நேர்க்கம்பியும் இரண்டும் நூலோடு ஒட்டிப் போக வேண்டும். வளைவு உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி ஒரு தடவை, உங்களைப் பார்த்து இருக்கும்படி ஒரு தடவை, ஆக இரண்டு கோணத்தில் பாருங்கள். நான் ஒரு கோணத்தில் மட்டும் பார்த்து இரண்டாவது தடவையும் ஏமாந்தேன். பக்கவாட்டில் நேராகத் தெரிந்தது முன்பக்கம் பார்த்தால் மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்தது.

அடுத்து சதுரத்தின் நான்கு விளிம்புகள். அவை நேர்க்கோடாக இல்லாமல் ஜிலேபி முறுக்கு மாதிரி லேசாகத் திரும்பியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். கம்பியின் கோணலை நிமிர்த்தலாம், முறுகிய சதுரத்தை ஒன்றும் செய்ய முடியாது.

வளைவதற்கும் முறுகுவதற்கும் காரணம் ஒன்றே. எங்கள் பக்கத்து லாரிப் பட்டறையில் நாற்பது வருடமாக வேலை பார்க்கும் அண்ணன், என் வளைந்த ஹேண்டிலைக் கையில் வாங்கிப் பார்த்ததும் சொன்னார்: "தம்பி, இது சுத்தறதுக்கு. முறுக்கறதுக்கு இல்ல. எவனோ பைப்பைச் சொருகி இறுகின நட்டைக் கழட்டப் பாத்திருக்கான்." இந்தக் கருவியைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

நிமிர்த்துவது

லேசான கோணல் என்றால் மட்டும். பெஞ்ச் வைஸின் தாடைகளுக்கு அலுமினியத் தகடு கொடுத்து, வளைந்த இடத்துக்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். மேலே ஒரு பைப்பைச் சொருகி மெதுவாக அழுத்துங்கள். எஃகு திரும்பி வரும், எனவே தேவையானதற்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தள்ள வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நூல் பிடித்துப் பாருங்கள். எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆனது. சூடு காட்டவே வேண்டாம். இவை பதம் போட்ட எஃகு. கேஸ் தீயில் சிவக்க விட்டால் அந்த இடம் பதம் இழந்து அடுத்த தடவை இன்னும் சுலபமாக வளையும்.

துரு எடுப்பது

முலாம் இல்லாத எஃகுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) நன்றாக வேலை செய்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து வயர் பிரஷ் போட்டுப் பாருங்கள், போதும் என்றால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு ஐந்து நிமிடம் விட்டாலும் மஞ்சள் பூத்துவிடும்.

குமிழையும் சதுர முனையையும் தண்ணீருக்கு வெளியே வைக்க வேண்டும். சதுரத்தின் பக்கத்தில் சாக்கெட்டைப் பிடித்து நிறுத்தும் சின்னக் குண்டு ஒன்றும், அதற்குப் பின்னால் மயிரிழை போன்ற ஸ்பிரிங்கும் இருக்கின்றன. ஒரு தடவை இரவு முழுக்க ஊறப்போட்டு அந்த ஸ்பிரிங்கை இழந்தேன். அதன் பிறகு சாக்கெட் தானாகக் கழன்று விழுந்துகொண்டே இருந்தது. அந்த முனைக்கு மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷுமே போதும்.

குரோம் முலாம் உள்ளதற்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். புள்ளித் துரு வந்துவிடும், முலாமில் கீறல் விழாது. மங்கிய சாம்பல் நிறத்திலோ லேசான மஞ்சளாகவோ மென்மையான பூச்சு இருந்தால் அது கேட்மியமாக இருக்கலாம். கேட்மியம் விஷம். உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், சுடாதீர்கள், அமிலத்திலும் போடாதீர்கள். எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு அப்படியே பயன்படுத்துங்கள்.

சிக்கிய குமிழுக்கு அவசரம் ஆகாது. இடுக்கில் மெல்லிய எண்ணெய் விட்டு, குமிழ் மேலே இருக்கும்படி நிறுத்தி, காலையும் மாலையும் கையால் அசைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் இளகும். பைப் ரென்ச் போட்டுத் திருகினால் மரம் பிளந்துவிடும்.

சுற்றுவது

கழற்றும்போது முதலில் ரிங் ஸ்பானரோ நீளக் கைப்பிடியோ போட்டு எல்லா போல்ட்டையும் கால் சுற்று இளக்கிவிடுங்கள். பிறகுதான் ஸ்பீடு ஹேண்டில். ஒரு கை குமிழின் மேல், இன்னொரு கை வளைவில். குமிழை இறுகப் பிடிக்காமல் உள்ளங்கையை மட்டும் வைத்து, போல்ட்டின் நேர்க்கோட்டிலேயே அழுத்தம் இருக்கும்படி பாருங்கள்.

மாட்டும்போதுதான் ஆபத்து. போல்ட்டைச் சாக்கெட்டில் வைத்து நேரே சுற்ற ஆரம்பித்தால் மரை குறுக்கே ஏறுவது கைக்குத் தெரியாது. வளைவின் பலம் அதையும் உள்ளே தள்ளிவிடும். எனவே முதல் இரண்டு சுற்று விரலால். விரல் போகாத இடமாக இருந்தால் சாக்கெட்டுக்குள் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து போல்ட்டை ஒட்டி, குமிழை அழுத்தாமல், முதலில் கழற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். மரைகள் ஒன்றின் வாயில் ஒன்று விழும்போது சின்னதாக 'டக்' என்று உள்ளங்கையில் தட்டும். அந்த இடத்திலிருந்து இறுக்கும் திசைக்கு மாற்றுங்கள். காற்று கன்னில் இந்தத் தட்டல் கிடைக்காது. இதற்காகவே இந்தக் கருவி எனக்குப் பிடிக்கும். விமானப் பராமரிப்பில் வரிசை வரிசையாக ஸ்க்ரூ உள்ள பேனல்களுக்கு இன்றும் ஸ்பீடு ஹேண்டில் வைத்திருக்கிறார்கள்.

போல்ட் தலை உட்கார்ந்ததும் நிறுத்திவிட்டு டார்க் ரென்ச்சை (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) எடுங்கள்.

சாக்கெட் விஷயத்தில் என் விருப்பம் ஆறு முனைக் குட்டைச் சாக்கெட். பழைய செட்டுகளில் வரும் பன்னிரண்டு முனை மாட்டச் சுலபம், ஆனால் கை கொஞ்சம் சாய்ந்தாலும் தலையின் மூலையைத் தின்னும். எட்டு முனைச் சாக்கெட் கிடைத்தால் அது சதுரத் தலை நட்டுக்கு உரியது.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துவிட்டு ஒருவர், மெதுவாகத்தான் சுற்றினேன், ஆனாலும் அலுமினியக் கவரில் எம்6 (6 மி.மீ.) போல்ட்டின் மரை போய்விட்டது என்று எழுதியிருந்தார். கணக்கு போட்டுப் பார்த்தேன். வளைவு நடுக்கோட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. விலகியிருக்கிறது. கை 10 கிலோ அழுத்தினால் ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். எம்6, 8.8 தர போல்ட்டுக்கு முழு இறுக்கமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அலுமினியத்தில் அதுவே அதிகம். சுற்றுகிற வேகத்தோடு போய் இடித்து நின்றால் இன்னும் கூடும். ஆகவே அலுமினியத்தில் கடைசி இரண்டு சுற்றுக்கு வளைவை விட்டுவிட்டு, கம்பியையே விரல்களால் உருட்டுங்கள். அந்த வேலைக்கு 3/8 அங்குலச் சதுரத்துக்கு மேல் வேண்டாம்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் கேட்டது, 14 சாக்கெட் ஏன் வழுக்குகிறது என்று. அது விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை அளவு) தலையாக இருக்கலாம். விட்வொர்த் அளவு தலையின் அகலத்தைச் சொல்வதில்லை, போல்ட்டின் விட்டத்தைச் சொல்கிறது. 1/4 விட்வொர்த் என்றால் தலை 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. 13 உள்ளே போகாது, 14 ஆடும். அந்த ஆட்டத்தோடு ஸ்பீடு ஹேண்டிலைச் சுற்றினால் மூலைகள் போய்விடும். 5/16 விட்வொர்த் 15.2 மி.மீ. 3/8 விட்வொர்த் மட்டும் 18 மி.மீ.க்கு அப்படியே பொருந்தும். சாக்கெட்டில் 1/4 டபிள்யூ, 5/16 பிஎஸ் என்று இரண்டு எண் இருந்தால் குழம்ப வேண்டாம் (டபிள்யூ விட்வொர்த், பிஎஸ் அதைவிட நெருக்கமான பிரிட்டிஷ் மரை), இரண்டுக்கும் ஒரே தலைதான்.

ஜீப் சேம்பரில் கிளட்ச் ஹவுசிங் ஓரமாக உள்ள போல்ட்டுகளுக்கு ஹேண்டில் எட்டுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் நேராக எட்டாது. நடுவில் யுனிவர்சல் ஜாயிண்ட் (சாய்ந்த கோணத்திலும் சுழலும் மூட்டு) போட்டுப் பார்த்தேன், சாக்கெட் தள்ளாடி உணர்வே கிடைக்கவில்லை. எட்டாதவற்றுக்கு இப்போதும் ரிங் ஸ்பானர்தான் போடுகிறேன்.