பிரசவத்துக்குப் பிறகு கருத்தடை ஆலோசனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் பிரசவ வார்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாய்மார்களுக்குக் கருத்தடை பற்றி எடுத்துச் சொல்வதுதான் என் வேலை. புதிதாக வரும் செவிலியர்களும் ஆலோசகர்களும் பக்கத்தில் உட்கார்ந்து பழகுவார்கள். எங்கள் காலத்தில் நடந்த அதே தவறுகள் இப்போதும் நடக்கின்றன. அன்பாகப் பேச வேண்டும், நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வலியில் கிடப்பவளிடம் கையெழுத்து வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள் காப்பர் டி, அதாவது கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம், போடலாம். இல்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் போடலாம். சிசேரியன் என்றால் கர்ப்பப்பையைத் தைப்பதற்கு முன்பே வைத்துவிடலாம். அதையும் தாண்டினால் 6 வாரம் பொறுக்க வேண்டும். கைக்குழந்தையோடு இன்னொரு நாள் அலைய வேண்டாம் என்பதால் பிரசவத்தோடு போடுவது நல்ல வசதிதான். ஆனால் அந்த அவசரத்தில்தான் தப்பு நடக்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடிப்பவளிடம் ஃபாரத்தை நீட்டி, "காப்பர் டி போட்டுக்கறியாம்மா?" என்று கேட்டால் அவள் எதற்கும் தலையாட்டுவாள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

காசிமேட்டுப் பெண் ஒருத்தி குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட வந்தாள். ஊசி போட்டு முடிந்தும் கிளம்பாமல் நின்றாள். கிட்டே போய்க் கேட்டபோது, "கீழே நூல் மாதிரி ஏதோ தட்டுப்படுது சிஸ்டர், தையல் பிரிஞ்சிருச்சா?" என்றாள். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில் பொடி எழுத்தில் காப்பர் டி என்று இருந்தது. சொன்னதும் முகமே மாறிவிட்டது. "இன்னா சிஸ்டர் சொல்றீங்க? எப்போ போட்டாங்க?" பிரசவ நேரத்தில் எதிலோ கையெழுத்துப் போட்டது மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது.

அன்றே எடுத்துவிடச் சொன்னாள், டாக்டர் எடுத்துவிட்டார். எடுக்கச் சொல்வது அவள் உரிமை. "இன்னும் ஒரு மாசம் பாரேன்" என்று இழுத்தடித்தால் முதல் தவறோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஆனால் எடுத்ததோடு விஷயம் முடியவில்லை. வேறு எந்த முறையைப் பற்றியும் காது கொடுத்துக் கேட்க அவள் தயாராக இல்லை. குழந்தை நடக்கும் முன்பே மறுபடி முழுகாமல் வந்தாள், உடம்பில் ரத்தமே இல்லை. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் குறைந்தது 2 வருடமாவது வேண்டும் என்று நாம் சொல்வது இதற்காகத்தான். அவள் தெருவிலோ, பிரசவத்துக்குப் போனால் சொல்லாமலே காப்பர் டி வைத்துவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களிடம் காப்பர் டி என்று ஆரம்பித்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கர்ப்ப காலச் செக்கப்புக்கு வரும்போதே பேசிவிடுங்கள். ஒரு காப்பர் டியைக் கையில் கொடுங்கள், வளைத்துப் பார்க்கட்டும். நூல் எங்கே இருக்கும், முதல் சில மாதம் உதிரப்போக்கு எப்படிக் கூடலாம் என்று சொல்லுங்கள். பிரசவத்தோடு போட்டால் தானாக நழுவி வெளியே வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால் 6 வாரத்தில் வந்து காட்டியே ஆக வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். காப்பர் டியில் 380ஏ என்ற வகை 10 ஆண்டு வேலை செய்யும், 375 என்ற வகை 5 ஆண்டு. எதைப் போட்டது, எந்த வருடம் எடுக்க வேண்டும் என்று அவள் கையில் இருக்கும் அட்டையில் பெரிதாக எழுதுங்கள்.

முன்பே பேச முடியாமல் போய், நேராக வலியோடுதான் வந்தாளா? சரி, பிரசவம் ஆகட்டும். தூங்கி எழுந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஒரு டம்ளர் காபி குடித்த பிறகு போய்க் கேளுங்கள். 48 மணி நேரம் இருக்கிறது.

மாமியாரிடம் பதில் வாங்குவது

காப்பர் டிக்கும் சரி, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் சரி, கணவர் கையெழுத்து தேவையில்லை. மாமியார் கையெழுத்தும் தேவையில்லை.

பால் கொடுத்தால் தங்காது என்பது

பாதி உண்மை என்பதால் வாதாடுவது கஷ்டம். குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு உண்டு. ராத்திரி ஒரு புட்டி பவுடர் பால் சேர்ந்தாலும் கணக்கு கலைந்துவிடும். "தாய்ப்பால்தான் குடுக்கறியா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். நேற்று ராத்திரி என்ன கொடுத்தாய் என்று கேளுங்கள்.

இன்னொன்று, மாதவிலக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வந்துவிடலாம். பால் கொடுக்காதவர்களுக்கு நாலாவது வாரத்திலேயே கருமுட்டை வெளிப்படலாம்.

மாத்திரை என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவது

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் மாலா என்ற ஹார்மோன் மாத்திரை வேண்டாம். சாயா மாத்திரை கொடுக்கலாம், அதில் ஹார்மோன் இல்லை. முதல் 3 மாதம் வாரம் 2, அப்புறம் வாரம் 1. எந்தெந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுங்கள். அந்தரா என்ற கருத்தடை ஊசி என்றால் 6 வாரத்துக்குப் பிறகு, 3 மாதத்துக்கு ஒருமுறை. மாதவிலக்கு தாறுமாறாகும், நின்றும் போகலாம் என்று முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நாள் தள்ளிப்போச்சு என்று பயந்து இரண்டாவது ஊசிக்கு வரமாட்டாள்.

தாய்வீட்டை மறப்பது

பிரசவம் முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். கொருக்குப்பேட்டையில் கட்டிக்கொடுத்தவள் திருவொற்றியூரில் இருப்பாள். உங்கள் பதிவேட்டில் கணவர் வீட்டு முகவரி மட்டும் இருந்தால் அவளைப் பிடிக்க முடியாது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீட்டுக்குத் திரும்பும்போது கையில் எந்த முறையும் இருக்காது. எப்போது திரும்புகிறாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மீனவர் குடும்பமாக இருந்தால் தடைக்காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, 61 நாளும் கணவர் கரையில்தான் இருப்பார். அதற்கு முன்பே அவளிடம் பேசிவிட வேண்டும்.

ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளுக்கு எந்த வீட்டில் இருந்தாலும் தாய் வந்துவிடுவாள். ஊசி போட்டபின் குழந்தையோடு அரை மணி நேரம் உட்கார வைக்கிறோமே, அந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆணிடம் பேசாமல் விடுவது

ஆண்களுக்கான குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனான வாசெக்டமியில் இப்போது கத்தியும் இல்லை, தையலும் இல்லை. ஆனால் செய்த உடனே பலன் தராது. 3 மாதம் நிரோத் (ஆணுறை) போட்டு, அப்புறம் விந்துப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகுதான் நிறுத்தலாம். இதை அவருக்கு விளக்காமல் விட்டால், மனைவிக்கு நாள் தள்ளும்போது பழி அவள்மேல் விழும்.