காப்பீடு இல்லாமல் சென்னைக்கு வந்தவர்களுக்கு: மருத்துவ உதவியை எங்கே, எந்த வரிசையில் கேட்பது

இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து வளசரவாக்கத்திலோ போரூரிலோ வீடு எடுக்கும் குடும்பங்கள், கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடம், சிம் கார்டு எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே பார்த்துக்கொள்கின்றன. உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே ஓடுவது என்பது மட்டும் அப்படி ஒரு நாள் வரும்வரை தள்ளிப்போகிறது. அன்றைக்குப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, நகையை வைத்து முன்பணம் கட்டி, பில் ஏறிய பிறகுதான் அறக்கட்டளைகளைத் தேடுகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடும். சென்னையில் மருத்துவ உதவி செய்யும் அறக்கட்டளைகள் பெரும்பாலும் இனி நடக்கப்போகும் சிகிச்சைக்குத்தான் பணம் தரும், அதையும் ஆஸ்பத்திரியின் பெயரில்தான் தரும். கட்டி முடித்த பில்லைத் திருப்பித் தருவது அரிது. அரசுக் காப்பீடும் முன் அனுமதி வாங்கித்தான் வேலை செய்கிறது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

அவசரம் என்றால்

விபத்து, நெஞ்சுவலி, பக்கவாதம் என்றால் 108. வண்டிக்குக் காசு கிடையாது. பேசும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள். சென்னையில் ஒரே பெயரில் பல தெருக்கள் உண்டு. பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். பகுதியின் பெயர், பக்கத்திலுள்ள கோயில் அல்லது பேருந்து நிறுத்தம், வண்டி எந்தப் பக்கமாக நுழைய முடியும் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு ஒருவரைத் தெருமுனையில் நிறுத்துங்கள். பக்கவாதமாக இருந்தால், நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். போடலாமா என்று டாக்டர் முடிவு செய்ய அந்த நேரம் தெரிந்தாக வேண்டும்.

1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: உயிருக்கு ஆபத்தாக வருபவருக்கு அரசு டாக்டரும் தனியார் டாக்டரும் முதலுதவி செய்தே ஆக வேண்டும், போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்கக் கூடாது. பாஸ்போர்ட்டும் ஆதாரும் பிறகு பார்க்க வேண்டியவை. சாலை விபத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், எந்த நாட்டவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. தொடங்கியபோது அந்த வரம்பு 1 லட்சம் ரூபாய். சேர்க்கும்போதே "48 திட்டத்தில் போடுங்கள்" என்று கேளுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலையும் அன்றே வாங்கிவிடுங்கள். பின்னால் இழப்பீட்டு வழக்குக்கு அது வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரி

காப்பீடு இல்லாதவருக்கு முதல் இடம் அரசு ஆஸ்பத்திரிதான். அறக்கட்டளைகளும் "ஜி.எச்.ல காட்டினீங்களா?" என்றுதான் முதலில் கேட்கும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, தீக்காயத்துக்குப் பெயர்பெற்ற கீழ்ப்பாக்கம், வடசென்னைக்கு ஸ்டான்லி, குழந்தைகளுக்கும் பிரசவத்துக்கும் எழும்பூர், காசநோய்க்குத் தாம்பரம் சானடோரியம். பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு ஓமந்தூரார் வளாகத்துப் பல்நோக்கு மருத்துவமனையும், கிண்டியில் 2023-ல் திறந்த 1,000 படுக்கை கொண்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் இருக்கின்றன. காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், தடுப்பூசிக்கெல்லாம் இவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் வார்டின் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

ஓ.பி. (வெளிநோயாளர்) சீட்டு காலையில்தான் போடுவார்கள். பத்து மணிக்குப் போனால் சீட்டு கிடைக்கும், ஆனால் டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, மருந்து வாங்கி முடிப்பதற்குள் ஏதாவது ஒரு கவுண்டர் மூடிவிடும். மறுநாள் மறுபடி வர வேண்டியிருக்கும். சிறப்புப் பிரிவுகளுக்குக் கிழமை உண்டு. சீட்டின் மூலையில் அடுத்து வர வேண்டிய நாளை எழுதியிருப்பார்கள், அந்த நாளைத் தவறவிட்டால் வேறு டாக்டரிடம் முதலிலிருந்து சொல்ல நேரிடும். ஊரில் எடுத்த பழைய ரிப்போர்ட்டுகளின் நகலைக் கொடுங்கள், அசலைக் கையிலேயே வைத்திருங்கள். வீல்சேர் தள்ள யாராவது காசு கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. புகாருக்கு 104.

ரத்தம் வேண்டியிருந்தால் காசு கொடுத்து ஆள் பிடிக்காதீர்கள். ரத்தத்தை விற்பது சட்டப்படி குற்றம். எத்தனை யூனிட், எந்த நாளுக்குள் என்பதை எழுதி வாங்கி, உறவினர்களையும் நண்பர்களையும் நேரடியாக அந்த ரத்த வங்கிக்கே வரச்சொல்லுங்கள்.

முதலமைச்சர் காப்பீடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கேட்பார்கள். சென்னை மாவட்டத்துக்கான பதிவு ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. நோய் வருவதற்கு முன்பே பதிந்து வைப்பதுதான் நல்லது.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பதிவு உள்ளவர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் இருப்பவர்கள் முகாம் பதிவைக் காட்டிச் சேரலாம். இது தெரியாமல் கடன் வாங்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது. முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு இருப்பவர்களும், விசாவில் வந்தவர்களும் இந்தக் காப்பீட்டை நம்பித் திட்டம் போட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியும் அறக்கட்டளையுமே உங்கள் வழி.

அட்டை இருந்தும் சிக்கல் வருவது இரண்டு இடங்களில். ஓர் ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கலாம், ஆனால் உங்களுக்கு வேண்டிய அந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு அங்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம். அதனால் "காப்பீடு எடுப்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்காமல், சிகிச்சையின் பெயரைச் சொல்லி, காப்பீட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். அடுத்தது, அனுமதி மறுக்கப்பட்டால் அதை வாய்வார்த்தையாக ஏற்காமல் எழுத்தில் வாங்குவது. அறக்கட்டளைக்குப் போகும்போது அந்தத் தாள் மிகவும் பயன்படும்.

அறக்கட்டளையை அணுகுவது

சில அமைப்புகள் தாங்களே சிகிச்சை தருகின்றன. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வசதிக்கேற்பக் கட்டணத்தைக் குறைத்தும் இலவசமாகவும் பார்க்கிறது. சங்கர நேத்ராலயாவில் கண் அறுவைக்கு இலவசப் பிரிவு தனியாக உண்டு. தரமணியில் வி.எச்.எஸ்., மேற்கு மாம்பலத்தில் பப்ளிக் ஹெல்த் சென்டர் இரண்டும் குறைந்த கட்டண ஆஸ்பத்திரிகள். டயாலிசிஸுக்கு டேங்கர் பவுண்டேஷன், மாநகராட்சியோடு சேர்ந்தும் மையங்கள் நடத்துகிறது. மனநோய்க்கு ஸ்கார்ஃப், ஆதரவற்று அலையும் மனநோயாளிகளுக்கு பேன்யன். செயற்கைக் கால் வேண்டியவர்களுக்கு முக்தி. ஈழத்தவர்களுக்கு முகாம் சார்ந்த பிரச்சினைகளில் முதலில் கேட்க வேண்டிய இடம் ஓஃபர், 1984 முதல் ஈழ அகதிகளுக்காகவே இயங்கும் அமைப்பு.

மற்ற அறக்கட்டளைகள் பணமாக உதவும். ஒன்றே முழுத்தொகையையும் தருவது அபூர்வம். மூன்று நான்கு இடங்களிலிருந்து சிறிது சிறிதாகச் சேரும். பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவர் இருப்பார். எந்த அறக்கட்டளை எந்த நோய்க்குத் தருகிறது, இந்த மாதம் யாரிடம் நிதி இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். டாக்டரைப் பார்த்த கையோடு அவரைப் பாருங்கள்.

ஃபைலில் இருக்க வேண்டியவை: ஆஸ்பத்திரியின் முத்திரையும் தேதியும் உள்ள செலவு மதிப்பீடு, நோயையும் சிகிச்சையையும் விளக்கும் டாக்டரின் குறிப்பு, நோயாளியின் அடையாளச் சான்று, வருமானச் சான்று, காப்பீடு இல்லை அல்லது மறுக்கப்பட்டது என்பதற்கான தாள், இரண்டு போட்டோ, ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம். ஐந்து செட் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் கண்ணீரை விடக் கணக்குதான் உதவும். இப்படி எழுதினால் போதும்: "என் கணவருக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மதிப்பீடு 2,40,000 ரூபாய். நாங்கள் திரட்டியது 70,000. இன்னொரு அறக்கட்டளை 25,000 தருவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறது, நகல் இணைத்துள்ளேன். மீதியில் உங்களால் இயன்றதை ஆஸ்பத்திரியின் பெயரில் தந்து உதவ வேண்டுகிறேன்." பிற இடங்களில் கேட்டதை மறைக்காதீர்கள். அறக்கட்டளைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மறைத்தது தெரிந்தால் எல்லா இடத்திலும் ஃபைல் நின்றுவிடும்.

மிக அதிகமாக ஃபைல் நிற்பது பெயரால்தான். இலங்கைக் கடவுச்சீட்டில் 'கந்தையா சிவகுமாரன்' என்று தந்தை பெயர் முழுதாக இருக்கும். இங்கே ஓ.பி. சீட்டில் 'கே. சிவகுமார்' என்று எழுதிவிடுவார்கள். காசோலை ஆஸ்பத்திரிக்கு வந்தபின் எந்த நோயாளியின் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியாமல் நாட்கள் போகும். முதல் சீட்டு போடும்போதே கடவுச்சீட்டிலோ பதிவிலோ உள்ள எழுத்தை அப்படியே காட்டி எழுதச் சொல்லுங்கள். அடுத்தது மதிப்பீட்டில் விடுபடும் செலவுகள்: உள்ளே பொருத்தும் கருவி, ரத்தம், வீட்டுக்கு வந்தபின் தேவைப்படும் மருந்து, கூட இருப்பவரின் சாப்பாடு. இவை சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், பாதியில் மறுபடி கையேந்த வேண்டியிருக்காது.

டயாலிசிஸ் தொடங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் ஆட்டோ செலவு குடும்பத்தை அரித்துவிடும். ஆகவே வீட்டுக்குப் பக்கத்து மையத்தைக் கேளுங்கள், அல்லது மையத்துக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையின் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்தால் பயன்படுத்தும் அளவுக்கு முதிர ஆறு வாரமாவது ஆகும். டாக்டர் சொன்னதும் செய்துகொள்ளாமல் தள்ளிப்போட்டால், கழுத்தில் குழாய் போட நேர்ந்து கிருமித்தொற்று அபாயம் கூடும்.

வெள்ளம், புயல்

சென்னைக்கு டிசம்பர் சோதனைக் காலம். 2015 வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் புயல் எல்லாமே அந்த மாதத்தில் வந்தவை. மாநகராட்சி உதவி எண் 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. தண்ணீர் வடியத் தொடங்கியதும் மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களும் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மருத்துவ முகாம் போடும். அங்கே காய்ச்சல், புண், வயிற்றுப்போக்குக்கு மருந்தும் டெட்டனஸ் ஊசியும் கிடைக்கும். சர்க்கரை, பிரஷர் மருந்தும் சில நாட்களுக்குத் தருவார்கள். ஆனால் நனைந்து கரைந்த மாத்திரை அட்டையைக் காட்டி "வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று" என்றால் எந்த டாக்டராலும் எழுதித்தர முடியாது. அக்டோபரிலேயே மருந்துச்சீட்டையும் அட்டையின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்து, வெளியூர் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள், கரண்ட் போனால் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் பாட்டிலைத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ஐஸோடு ஒட்டி வைத்து உறைந்துபோனால் அந்த மருந்து வீண். டயாலிசிஸ் செய்பவர்கள் மழை எச்சரிக்கை வந்ததுமே மையத்துக்குப் போன் செய்து உங்கள் முறையை மழைக்கு முன்பே வைத்துத் தரக் கேளுங்கள். முறை தவறினால் தண்ணீரைக் குறைத்து, இளநீர், வாழைப்பழத்தைத் தவிர்த்து, எப்படியாவது ஏதாவது ஒரு மையத்தை அடைய வேண்டும்.

வெள்ளத் தண்ணீரில் நடந்தவருக்கு ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "தண்ணீரில் நடந்தேன்" என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் பெரியது ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் முழுதாகக் கொட்டிக் கொடுப்பது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. உப்பு மிஞ்சினால் குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

வீட்டை இழந்தவர்களுக்குத் தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடிக்கும். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகாவும் சென்னையில்தான் இருக்கிறது.

வெளிநாட்டு உறவினர் உதவ நினைத்தால்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்கள் "அந்த டிரஸ்டுக்கே பணம் அனுப்புகிறோம், உங்களுக்குக் கட்டிவிடுவார்கள்" என்பார்கள். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவு பெற்ற அறக்கட்டளைதான் வெளிநாட்டவர் பணத்தை வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில் மட்டும். பதிவில்லாத சிறு டிரஸ்டின் சாதாரணக் கணக்கில் போட்டால் அந்த டிரஸ்டுக்கே சிக்கல். அனுப்புவதற்கு முன் பதிவு உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் நோயாளி எண்ணைச் சொல்லி, நேரடியாக வெளிநாட்டிலிருந்து கட்ட வழி உண்டா என்று விசாரியுங்கள்.

வெள்ளத்தின்போது பெட்டி நிறைய மருந்து கொண்டு வருபவர்களும் உண்டு. மனம் பெரியது, ஆனால் பாதி மருந்தைக் கொடுக்க முடிவதில்லை. பிரித்த பாட்டில், பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ மட்டும் எழுதிய லேபிள், இரண்டு மாதத்தில் காலாவதியாகும் மாத்திரை எதையும் முகாம் டாக்டர் நம்பிக் கொடுக்க மாட்டார். நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த விமானப் பெட்டியின் எடைக்கு ஆகும் செலவைப் பணமாகத் தந்தால், முகாம் நடத்தும் அமைப்பு அன்றைக்கு எது தீர்ந்துபோயிருக்கிறதோ அதை இங்கேயே மொத்த விலையில் வாங்கிக்கொள்ளும்.