எச். ஜி. வெல்ஸின் நாவல்களை மின்னூலாகப் பெறும் முறை

அறிவியல் புனைகதையின் முன்னோடிகளுள் ஒருவரான எச். ஜி. வெல்ஸ் 1946-இல் மறைந்தார். ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமையைக் காக்கும் இந்தியச் சட்டப்படி, அவர் வாழ்நாளில் வெளியான நாவல்கள் 2007 முதல் இங்கே பொதுவுடைமையாகிவிட்டதால், அவற்றின் ஆங்கில மூலத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

முதலில், பதிப்புரிமை முடிந்த நூல்களை இலவச மின்னூல்களாகத் தரும் குட்டன்பர்க் திட்டத்தின் (Project Gutenberg) இணையதளத்தில் ஆசிரியர் பெயரைத் தேடுங்கள். 1895-இல் வெளிவந்த ‘தி டைம் மெஷின்’ அங்கே 35 என்ற எண்ணிலும், 1898-இல் வெளிவந்த ‘தி வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ 36 என்ற எண்ணிலும் உள்ளன. கோப்பு வடிவங்களில் இபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவத்தையே பதிவிறக்குங்கள். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் திரையின் அகலத்துக்கேற்ப வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும் என்பதால், கண்பார்வை மங்கிய பெரியவர்களுக்கு இது பெரிய வரம். கைப்பேசியில் கூகுள் பிளே புக்ஸ் செயலியில் அக்கோப்பைப் பதிவேற்றலாம். அமேசானின் மின்னூல் படிப்பானான கிண்டில் வைத்திருப்போர், கோப்புகளை அதற்கு அனுப்பும் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை வழியாக அனுப்பிக்கொள்ளலாம்.

மூலம் இலவசம் என்பதற்காகத் தமிழ் மொழிபெயர்ப்பையும் அப்படியே கருதிவிடக் கூடாது. மொழிபெயர்ப்பாளருக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. அது நடப்பிலிருக்கும் வரை அந்த நூலை விலை கொடுத்து வாங்குவதே முறை.