பழமர இலைகளில் பீனால் அளந்து பூஞ்சை எதிர்ப்பை ஒப்பிடும் முறை

பூஞ்சை நுழையும்போது பழமரத்தின் இலை தன் பீனால் சேர்மங்களை (செடிகள் தற்காப்புக்கும் பயன்படுத்தும் வேதிப்பொருள்களை)ப் பாலிபீனால் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் ஆகிய நொதிகளின் துணையால் நச்சுத்தன்மையுள்ள குயினோன்களாக மாற்றுகிறது. பீனால்களிலிருந்து உருவாகும் கடினப் பொருளான லிக்னின் படிந்து தடித்த செல்சுவரும் பரவலைத் தடுக்கிறது. ஆகவே இரு ரகங்களின் எதிர்ப்புத் திறனை ஒப்பிட விரும்புவோர் மொத்த பீனால் அளவிலிருந்து தொடங்கலாம்.

ஒரே வயதுடைய இலைகளை ஒரே வேளையில் பறித்து உடனே பனிக்கட்டியில் வையுங்கள்; இலையின் வயது மாறினாலே அளவும் மாறிவிடும் என்பதால், பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. 1 கிராம் இலையை 10 மி.லி. 80% எத்தனாலில் அரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்த சாற்றை ஆவியாக்கி, எஞ்சியதை 5 மி.லி. நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். அதில் சிறு பகுதியை நீர் சேர்த்து 3 மி.லி. ஆக்கி, பீனாலுடன் வினைபுரிந்து நீல நிறம் தரும் ஃபோலின்-சியோகால்ட்டூ வினைப்பொருளை 0.5 மி.லி. அளவிலும், 3 நிமிடம் கழித்து 2 மி.லி. 20% சோடியம் கார்பனேட் கரைசலையும் சேர்த்து, கொதிநீரில் 1 நிமிடம் வைத்துக் குளிர்வித்தபின், நீல நிறத்தின் செறிவை 650 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து கேட்டகால் திட்ட வரைகோட்டுடன் (கேட்டகால் என்னும் பீனாலின் தெரிந்த அளவுகளைக் கொண்டு வரைந்த கோட்டுடன்) ஒப்பிடுங்கள். இலையிலுள்ள அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி) இதே நிறத்தைத் தந்து அளவைக் கூட்டிக் காட்டலாம் என்பதை மறக்க வேண்டாம்.

தொற்றுக்கு முந்தைய ஒற்றை அளவை நம்பி முடிவெடுப்பது சரியன்று. பூஞ்சை வித்துகளைத் தெளித்து 24, 48, 72 மணி நேரங்களில் மீண்டும் அளந்து, எந்த ரகத்தில் பீனால் விரைவாக உயர்கிறது என்று பாருங்கள்.