பழைய அட்டை, பாட்டில், தகர டப்பாவில் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்யும் முறை

வீட்டில் சேரும் பழைய பொருள்களால் செய்த கிறிஸ்துமஸ் அலங்காரம் சில சமயம் குப்பையைத் தொங்கவிட்டதுபோல் தோன்றுவதற்குக் காரணம் கைத்திறன் குறைவு அன்று. அட்டையில் அச்சிட்ட எழுத்தும், பாட்டிலில் ஒட்டிய லேபிளின் மிச்சமும் வெளியே தெரிவதுதான். ஆகவே, கத்தரிக்கோலை எடுக்கும் முன்பே இரண்டை உறுதி செய்துகொள்ள வேண்டும்: மொத்த அலங்காரத்துக்கும் இரண்டு நிறங்களுக்கு மேல் வேண்டாம், அச்சு உள்ள பக்கம் எப்போதும் உள்ளே போக வேண்டும். தானியமும் பிஸ்கட்டும் வரும் மெல்லிய அட்டைப் பெட்டிகளின் உட்புறம் பெரும்பாலும் சாம்பல் அல்லது பழுப்பு நிறமாக இருக்கும். அதற்கு வண்ணமே தேவையில்லை. வெள்ளை நூலில் கட்டித் தொங்கவிட்டாலே எடுப்பாக இருக்கும்.

நட்சத்திரத்தில் தொடங்கலாம். பெட்டியைப் பிரித்து விரித்து, உட்புறத்தில் 8 செ.மீ. ஆரமுள்ள வட்டம் ஒன்றை வரையவும். பிறகு கவராயத்தை 9.4 செ.மீ. அளவுக்கு விரித்து, வட்டத்தின் மேல் ஒரு புள்ளியிலிருந்து அடுத்தடுத்துக் குறித்துக்கொண்டே போனால், ஐந்தாவது குறி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். கோணமானி இருந்தால் 72 பாகைக்கு ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். ஒன்று விட்டு ஒன்றாகப் புள்ளிகளை இணைத்து, விளிம்போடு வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் கிடைக்கும். இது தட்டையாக இருக்கும்வரை வெறும் அட்டைதான். மடிப்பு விழுந்த பிறகுதான் வெளிச்சமும் நிழலும் அதில் விளையாடத் தொடங்கும். ஒவ்வொரு கூர்முனைக்கும் நேர் எதிரே ஓர் உள்மூலை இருப்பதால், மையத்தின் வழியாக ஐந்து கோடுகள் போட்டாலே போதும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை அளவுகோலை ஒட்டி அழுத்தி இழுத்து, அட்டை கிழியாமல் கோட்டின் மேல் பள்ளம் மட்டும் விழச் செய்யவும். ஒவ்வொரு கோட்டிலும் முழுமையாக மடித்து விரித்த பின், கூர்முனைப் பக்கத்துப் பாதியை மேடாகக் கிள்ளி, உள்மூலைப் பக்கத்துப் பாதியை விரலால் உள்ளே தள்ளினால், நடுப்பகுதி தானாகவே மேலெழும். இதில் அவசரம் காட்டினால் அட்டை கோட்டை விட்டு வேறிடத்தில் மடங்கிவிடும்; அந்தச் சுருக்கம் பிறகு போகாது.

தாள், துணி போன்றவை சுற்றி வரும் அட்டைக் குழல்கள் இருந்தால், அவற்றைச் சற்றே நசுக்கி 1 செ.மீ. அகலத் துண்டுகளாக நறுக்கவும். இதழ் வடிவில் வரும் அந்த வளையங்களில் ஐந்தாறை முனையோடு முனை சேர்த்து ஒட்டினால் பூ வடிவம் கிடைக்கும். பசை காயும்வரை துணி கிளிப் போட்டு வைப்பது உதவும்.

சோடா வகைப் பானங்கள் வரும் பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பாகம், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகப் பெரும்பாலும் ஐந்து கால்களோடு வார்க்கப்பட்டிருக்கும். அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் வெட்டினால் நட்சத்திர வடிவம் கிடைத்து, பாதி வேலை முடிந்துவிடும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கக்கூடியது என்பதால், இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, இடையில் ஒரு பருத்தித் துணியைப் போட்டு, விளிம்பை மட்டும் சில நொடிகள் அழுத்தி எடுக்கவும்; பிளாஸ்டிக் இளகி உள்பக்கம் சுருண்டுகொள்ளும். காற்றோட்டமான இடத்தில் செய்வது நல்லது. நீர்வண்ணம் இதில் ஒட்டாது, அக்ரிலிக் வண்ணமே வேண்டும். இதைப் பனித்துகள் என்று பலரும் அழைத்தாலும், உண்மையான பனித்துகளுக்கு ஆறு கைகள். ஆகவே நட்சத்திரம் என்றே சொல்லிவிடலாம்.

தகர டப்பா விளக்குக்கு ஒரு நாள் முன்பே தயாராக வேண்டும். வெறும் டப்பாவில் ஆணி அடித்தால் சுவர் நசுங்கும். நானும் முதல் டப்பாவை அப்படித்தான் கெடுத்தேன். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடையும் என்பதால், மேலே 2 செ.மீ. இடம் விட்டு நீர் ஊற்றி, உறைபெட்டியில் இரவு முழுவதும் வைக்கவும். மறுநாள், புள்ளிகளால் வடிவம் வரைந்த தாளை டப்பாவைச் சுற்றி ஒட்டி, மடித்த துண்டின் மேல் படுக்க வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியைச் சுத்தியலால் அடித்துத் துளையிடவும். உள்ளிருக்கும் பனிக்கட்டி தகரத்தைத் தாங்கிப் பிடிக்கும். துளைகளுக்கு இடையே அரை செ.மீ.யாவது விடவில்லை என்றால் தகரம் கிழிந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அடிப்பாகம் சற்றுப் புடைத்திருந்தால், பனி உருகிய பின் தட்டிச் சமன் செய்யலாம். உடனே துடைத்து உலர்த்தாவிட்டால் துருப்பிடிக்கும். உள்ளே மின்கலத்தில் எரியும் சிறு எல்இடி விளக்கை வைக்கவும். அட்டை நட்சத்திரங்கள் தொங்கும் இடத்துக்கு அருகில் மெழுகுவத்தியை ஏற்றவே கூடாது.

செய்தித்தாளைப் பயன்படுத்துவோர், அதிலுள்ள லிக்னின் என்ற பொருளால் அது ஒளிபட்டு விரைவில் மஞ்சளாகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மினுக்குத் தூளை நான் சேர்ப்பதில்லை. அது நுண்பிளாஸ்டிக், ஒட்டிய காகிதத்தையும் மறுசுழற்சிக்கு உதவாமல் ஆக்கிவிடும்.

பண்டிகை முடிந்ததும் பாட்டில் நட்சத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். அட்டை நட்சத்திரங்களின் மேடு நசுங்காதபடி, அவற்றையும் கிண்ணங்களைப்போல் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து, ஈரமில்லாத பெட்டியில் வைத்தால், அடுத்த டிசம்பரில் நூலை மட்டும் மாற்றினால் போதும்.