தனியாகவும் சிக்கனமாகவும் ஹம்பிக்கு: முதல் பயணத்தைத் திட்டமிடும் முறை

தனியாகப் பயணம் செய்பவருக்குச் சாப்பாட்டிலும் பேருந்துக் கட்டணத்திலும் கூடுதல் செலவு எதுவும் இல்லை. நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளும் அறை வாடகையையும் ஆட்டோ வாடகையையும் ஒருவரே ஏற்க நேர்வதுதான் கையைக் கடிக்கிறது. ஆகவே, இவ்விரண்டையும் குறைக்கும் வழியிலிருந்தே திட்டத்தைத் தொடங்க வேண்டும். பெங்களூரிலிருந்து ஓர் இரவில் சென்றுவிடக்கூடிய ஹம்பி இதைப் பழகிக்கொள்ள ஏற்ற ஊர்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுத்தல்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வது நல்லது. ஊர் முழுவதும் பாறைகள் என்பதால், கோடையில் சைக்கிளை நம்பிப் போனவரும் நண்பகலில் ஆட்டோவைத் தேட வேண்டியிருக்கும். புத்தாண்டு வாரத்தையும் தொடர் விடுமுறைகளையும் தவிர்த்து, ஞாயிறு இரவு புறப்பட்டுப் புதன் காலை திரும்பும்படி அமைத்துக்கொண்டால் கூட்டமும் வாடகையும் குறைந்திருக்கும்.

படி 2: ரயில் முன்பதிவு

பெங்களூரிலிருந்து இரவில் புறப்படும் ஹம்பி எக்ஸ்பிரஸ் மறுநாள் காலை, ஹம்பிக்கு அருகிலுள்ள ரயில் நிலையமான ஹொசப்பேட்டையைச் சேர்கிறது. போகும்போதும் வரும்போதும் இரவு ரயிலில் தூங்கிவிடுவதால், இரண்டு பகல்கள் சுற்றிப் பார்க்க ஒரே ஓர் இரவுக்குத்தான் அறை தேவைப்படும். இந்தத் திட்டத்தில் பெரிய மிச்சம் இதுதான். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. திரும்பும் பயணச்சீட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள். தவறவிட்டால், ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் வகுப்புக்கான தட்கல் திறக்கும். ஆனால் அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. தனியாகச் செல்பவர் மேல் படுக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது. பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, யாரும் எழுப்பாமல் விடியும்வரை தூங்கலாம்.

படி 3: தங்குமிடம்

விருபாட்சர் கோயிலை ஒட்டிய சிறு விடுதிகளில் அறை கிடைத்தால், பெரும்பாலான இடங்களுக்கு நடந்தே போய்விடலாம். இருவருக்கான அறையை ஒருவருக்குத் தருவதானால் எவ்வளவு என்று தொலைபேசியில் நேரடியாகக் கேளுங்கள். வார நாட்களில் பேரம் படியும். காலையில் போய்ச் சேரும்போது அறை தயாராக இருக்காது என்பதால், பையை வைத்துக்கொள்ள இடம் தருவார்களா என்பதையும், கடைசி நாள் அறையைக் காலி செய்தபின் மாலைவரை வைத்திருப்பார்களா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். ஆதார் அட்டையின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும்.

படி 4: ஊருக்குள் சுற்றுதல்

ரயில் நிலைய வாசலில் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். புன்னகையோடு கடந்து பேருந்து நிலையத்துக்குச் செல்லுங்கள். சுமார் 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹம்பிக்கு அடிக்கடி பேருந்து உண்டு. தேவையான ரொக்கத்தை ஹொசப்பேட்டையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் விருபாட்சர் கோயில், ஹேமகூட மலை, கடைத்தெரு ஆகியவற்றை நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் கல்தேர் நிற்கும் விட்டலர் கோயிலுக்கு ஆற்றங்கரைப் பாதையில் காலையிலேயே நடந்து சென்று, திரும்பி வந்து சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தாமரை மகாலுக்குச் செல்லலாம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: விட்டலர் கோயிலில் இந்தியர்களுக்கு 40 ரூபாய்க்குத் தரப்படும் நுழைவுச்சீட்டு, அதே நாளில் தாமரை மகால் வளாகத்துக்கும் செல்லும். இரண்டையும் வெவ்வேறு நாளில் பார்த்தால் இருமுறை வாங்க வேண்டும். சைக்கிளை எடுக்கும்முன் பிரேக்கையும் பூட்டையும் சோதித்துவிடுங்கள்.

படி 5: பாதுகாப்பு

சூரிய உதயத்துக்காக மாதங்க மலையில் இருட்டில் தனியாக ஏற வேண்டாம். விடுதியில் வேறு யாராவது செல்கிறார்களா என்று முந்தைய மாலையே விசாரித்துச் சேர்ந்துகொள்ளுங்கள். துணை கிடைக்காவிட்டால் கோயிலை ஒட்டிய ஹேமகூட மலையே போதும். விடுதியின் பெயரையும் ரயில் விவரத்தையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவசர உதவிக்கு 112, ரயிலில் 139.

படி 6: கையிருப்பு

பயணச்சீட்டுக்கும் அறைக்கும் போக மீதமுள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே பையின் அடியில் வையுங்கள். கடைசி நாள் மாலை பேருந்து தாமதமானால், ரயிலைப் பிடிக்க ஆட்டோவில் ஏற அந்தப் பணம் உதவும்.