மணப்பெண் ரயிலை விட்டு இறங்கும் முன்: வெஸ்டர்ன் காதல் கதைகளில் சறுக்கும் இடங்கள்

1855. மொன்டானாவில் ஒரு சின்ன ஸ்டேஷன். புகையைக் கக்கியபடி ரயில் வந்து நிற்கிறது. வெள்ளை கவுனும் முகத்தில் வலையுமாக ஒரு பெண் இறங்குகிறாள், கையில் மாப்பிள்ளையின் போட்டோ. பின்னால் இரண்டு கைகளைத் தூக்கி நிற்கும் பிரம்மாண்டமான கள்ளிமரம். குதிரை மேல் காத்திருந்த கௌபாய் தன் அகன்ற தொப்பியை லேசாகத் தூக்கி, "நீதானா அந்தப் பெண்?" என்கிறான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கில், கடிதம் வழியே மட்டும் பேசி முடித்த மாப்பிள்ளையைத் தேடி ஒரு பெண் கிழக்கிலிருந்து வந்து இறங்கும் கதை இது. இந்த ஆரம்பத்தைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு எத்தனையோ முறை படித்துவிட்டேன். தொடர்கதை எழுதும் தோழிகள் கைப்பிரதியை அனுப்பி, "சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். மேலே உள்ள பத்தியில் கை வைக்காமல் விடக்கூடியது குதிரை மட்டும்தான். 1855-இல் மொன்டானா என்றொரு பிரதேசமே கிடையாது, அது உருவானது 1864-இல். அங்கே தண்டவாளம் எட்டியது 1880-இல். அந்தக் கள்ளி அரிசோனாவையும் மெக்சிகோவையும் சேர்ந்த சோனோரா பாலைவனத்துப் பிறவி, மொன்டானா பனியில் ஒரு குளிர்காலம் தாங்காது. கௌபாய் என்றதும் நம் கண்முன் வரும் அகன்ற தொப்பியை ஸ்டெட்சன் என்ற தொப்பி வியாபாரி விற்கத் தொடங்கியதே 1865-இல்தான். சிறுவயதில் காமிக்ஸ் வழியே மேற்கைப் பார்த்தவர்கள் நாம், அதனால் டெக்சாஸும் மொன்டானாவும் மனசுக்குள் ஒரே ஊராகிவிட்டன. முதலில் வருஷத்தையும் மாகாணத்தையும் முடிவு செய்துகொண்டால் இந்த வகைத் தப்புகளில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

ஆனால் இவையெல்லாம் பத்து நிமிஷத்தில் திருத்தக்கூடியவை. கதையையே கவிழ்க்கும் தவறு வேறு. முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கழுத்தை நீட்டுவது நம் வாசகர்களுக்கு அதிர்ச்சியே இல்லை, நம் பாட்டிகளில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்க்கைப்பட்டார்கள். அதனால் நம் எழுத்தாளர்கள் அறியாமலேயே அந்தக் கல்யாணத்தைப் பெண் பார்க்கும் படலமாக்கிவிடுகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா முறைக்கிறாள், பெண்ணின் சித்தப்பா சீர் பற்றிப் பேசுகிறார். அங்கே கதையின் உயிரே அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதுதான். இறங்கியவுடன் ஆள் பிடிக்கவில்லை என்றால் அவள் என்ன செய்வாள்? திரும்பிப் போகக் கையில் காசு இருக்கிறதா? வந்த டிக்கெட்டை எடுத்தது யார்?

இந்தக் கணக்கைப் போடாமல் முதல் அத்தியாயத்தை எழுதவே கூடாது என்பேன். 1869 மே 10 அன்று கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை யூட்டாவில் முடிந்தது. நெப்ராஸ்காவின் ஒமாஹாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிகளுக்கான மரப்பெஞ்சு வண்டியில் டிக்கெட் சுமார் 40 டாலர். ஒரு கௌபாயின் மாதச் சம்பளம் 30 முதல் 40 டாலர். அவனுக்குச் சொந்த வீடும் கிடையாது, மாட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகிறவன். கடிதம் போட்டுப் பெண் தேடியவன் பெரும்பாலும் நிலம் பிடித்த விவசாயியாகவோ, கடைக்காரனாகவோ, கொஞ்சம் காசு பார்த்த சுரங்கக்காரனாகவோ இருந்தால்தான் நம்ப முடியும். கௌபாய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், டிக்கெட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையே ஒரு திருப்பமாக்கிவிடுங்கள்.

ரயிலுக்கு முந்தைய காலம் என்றால் பாடு வேறு. மிசௌரியிலிருந்து ஓரிகான் வரை ஏறக்குறைய 2000 மைல், நாலு முதல் ஆறு மாதம். வண்டியை இழுத்தவை பெரும்பாலும் எருதுகள். உள்ளே சாமான், மனிதர்கள் பக்கத்தில் நடந்தார்கள். வழியில் ஆட்களைக் கொன்றதில் பூர்வகுடிகளின் அம்பைவிட காலராவுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும்தான் பெரிய பங்கு.

அவள் ஏன் வந்தாள் என்பதிலும் சோம்பல் தெரிகிறது. அநாதை, கொடுமைக்காரச் சித்தி, கடன்கார அப்பா என்று நம் பழைய சினிமா காரணங்கள். உண்மை அதைவிட ருசியானது. 1864-இல் ஏசா மெர்சர் என்ற இளைஞர் சியாட்டிலுக்கு முதல் தவணையாகப் பதினொரு பெண்களை அழைத்துவந்தார். அவர் ஆள் தேடிய லோவெல், மாசசூசெட்ஸில் இருந்த பஞ்சாலை நகரம். உள்நாட்டுப் போரால் தெற்கிலிருந்து பருத்தி வராமல் ஆலைகள் முடங்கிக் கிடந்தன, வயதுக்கு வந்த ஆண்கள் போர்முனையில். அந்தப் பெண்கள் ஆசிரியை வேலையை நம்பிக் கப்பல் ஏறினார்கள். அடுத்த தடவை மெர்சர் பெரிய கணக்குப் போட்டார். பிரம்மச்சாரிகளிடம் தலைக்கு 300 டாலர் வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெண்களை அழைத்துவரக் கிளம்பினார். ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்ட நேரம், அவரிடம் எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை. 1866-இல் அவர் கொண்டுவந்து சேர்த்தது அதில் ஒரு சின்னப் பங்குதான். பணம் கட்டியவர்கள் கரையில் நின்று கேள்வி கேட்க, மெர்சரோ தன்னோடு வந்த ஒரு பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார்! இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், ரொம்ப சினிமாத்தனம் என்று நானே அடித்திருப்பேன்.

அடுத்தது சட்டம். "எனக்கு அதெல்லாம் வேண்டாம், காதல் கதைதானே" என்று ஒரு தோழி சொன்னார். அங்கே காதலும் நிலப்பத்திரமும் ஒரே மேஜையில் கிடந்தன. குடியேறிகளுக்கு இலவச நிலம் தந்த 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் கேட்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் கேட்கலாம். புருஷனோடு வாழ்பவள் பொதுவாகக் கேட்க முடியாது, குடும்பத் தலைவன் அவன்தானே. ஆகவே நிலத்துக்கு மனுப்போடுவதற்கு முந்தின நாள் தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் கட்டிக்கொள்வதும் ஒன்றல்ல. தாலி என்றது பேச்சு வழக்குக்கு, கைப்பிரதியில் அதையும் ஒருவர் நிஜமாகவே கட்டவைத்தார்! ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால்தான் பட்டா. ஒருவரை ஒருவர் சகிக்காத இரண்டு பேர் ஐந்து வருஷம் ஒரே கூரையில் இருக்க இதைவிட நல்ல காரணம் எந்தக் கதாசிரியருக்குக் கிடைக்கும்?

ஓரிகானில் 1850-இன் சட்டம் தனி ஆணுக்கு 320 ஏக்கர் தந்தது. 1851 டிசம்பர் 1-க்குள் கல்யாணம் செய்துகொண்டால் 640, அதில் பாதி மனைவியின் பேரிலேயே. கெடு நெருங்க நெருங்க ஆண்கள் பெண் தேடி அலைந்தார்கள். பதினான்கு வயதுகூட நிரம்பாத சிறுமிகளையும் கட்டிக்கொடுத்தார்கள். "கெடு முடியும் முன் கல்யாணம்" என்ற கருவை இங்கே வைக்கும்போது அந்தச் சிறுமிகளை மறந்துவிட்டுக் கிளுகிளுப்பாக எழுதினால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. வேடிக்கையான பக்கம் வேண்டுமா, 1849-இல் மான்டரேயில் கூடிய கலிபோர்னியா அரசமைப்பு மாநாட்டுக்குப் போங்கள். மனைவியின் சொத்து மனைவிக்கே என்ற பிரிவை ஹென்றி ஹாலெக் என்ற உறுப்பினர் ஆதரித்துப் பேசினார். அவர் பிரம்மச்சாரி. பணக்காரப் பெண்கள் கலிபோர்னியாவுக்கு வர இது தூண்டுதலாக இருக்கும், ஆகவே மற்ற பிரம்மச்சாரிகளும் இதற்கு ஓட்டுப்போட வேண்டும் என்றார்.

கடிதங்கள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனி எக்ஸ்பிரஸ் என்ற குதிரைத் தபால் ஓடியது 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரை மட்டும், ஆரம்பத்தில் அரை அவுன்ஸுக்கு 5 டாலர். அதில் வாராவாரம் காதல் கடிதம் அனுப்பும் ஏழை விவசாயியை நான் நம்பமாட்டேன். உறையில் வைக்கும் அட்டைப் போட்டோ அமெரிக்காவில் பரவியது 1860 வாக்கில், அதற்கு முன் பெரும்பாலும் பெட்டிக்குள் வைத்த உலோகத் தகட்டுப் படமோ கண்ணாடிப் படமோதான். அந்தப் படங்களில் யாரும் பல் தெரியச் சிரிப்பதும் அபூர்வம்.

வெள்ளை கவுனுக்கு வருவோம். விக்டோரியா ராணி 1840-இல் வெள்ளையில் மணந்தது உண்மை, ஆனால் புல்வெளியில் வாழப்போகிறவள் அழுக்குத் தெரியாத பழுப்பிலோ கருநீலத்திலோ ஒரு நல்ல உடை தைத்து, பிறகு வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைக்கு அதையே உடுத்துவாள். சர்ச் இருந்தாக வேண்டும் என்றில்லை. குதிரையில் ஊர் சுற்றும் போதகர் வரும்வரை காத்திருப்பார்கள், இல்லையென்றால் உள்ளூர் நீதிபதியை வைத்து யார் வீட்டுக் கூடத்திலாவது முடித்துவிடுவார்கள். நம் ஆட்கள் எழுதவே எழுதாத ஒன்று ஷிவரீ. கல்யாண ராத்திரி அக்கம்பக்கத்தார் கூடி, வீட்டைச் சுற்றித் தகரம் தட்டி, சட்டி பானை உருட்டி, மாப்பிள்ளை வெளியே வந்து குடிக்கவோ தின்னவோ ஏதாவது கொடுக்கும்வரை தூங்கவிடமாட்டார்கள். பால் சொம்பு முதலிரவை எடுத்துவிட்டு இதை வையுங்கள்.

மறுநாள் காலை நெப்ராஸ்காவில் விடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மரமே இல்லாத சமவெளி. வீடு, புல்வேரோடு வெட்டிய மண்கட்டியால் கட்டியது. மழை விட்ட பிறகும் கூரை ஒழுகும். மண்ணும் சமயத்தில் பாம்பும் சாப்பாட்டில் விழாமலிருக்க உள்ளே துணி கட்டியிருப்பார்கள். அடுப்பெரிக்க விறகு ஏது? காட்டெருமையோ மாடோ போட்டுக் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி வரவேண்டும். நாம் தட்டும் வறட்டியின் உறவுதான், வெயிலே செய்து வைத்தது. முதல் நாள் குச்சியால் தள்ளி, அடுத்த வாரம் துணியால் பிடித்து, மாதம் முடிவதற்குள் வெறும் கையால் எடுக்கும் பாஸ்டன் பெண்ணை எழுதினால், "அவள் மாறிவிட்டாள்" என்ற வரி தேவைப்படாது.

ஊரில் எல்லாரும் வெள்ளையர் என்று எழுதுவதும் நிற்க வேண்டும். கௌபாய்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகர்களும் கணிசம். ரயில் பாதை போட்ட சீனர்களுக்கு 1875-இன் பேஜ் சட்டம் மனைவியை அழைத்துவருவதையே ஏறக்குறைய அடைத்துவிட்டது, மணப்பெண் கதைக்கு அதைவிடக் கனமான கரு எது? இலவச நிலம் என்று எழுதும்போது அது லகோட்டாக்களோ ஷையென்களோ போன்ற பூர்வகுடிகள் வாழ்ந்த நிலம் என்பதற்கு ஒரு வரியாவது இடம் விடலாம்.

கடைசியாக, பேச்சு. கதாநாயகி கணவனை "என்னங்க" என்று கூப்பிட்ட கைப்பிரதி என்னிடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மனைவிகூடக் கணவனை 'மிஸ்டர்' போட்டுக் குடும்பப் பெயரால் அழைப்பது சகஜம், முதல் பெயரைச் சொல்வதே ஒரு நெருக்கம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு: நீங்கள், நீ. மேலே "நீதானா" என்ற கௌபாய் அதை முதல் வரியிலேயே செலவழித்துவிட்டான். ஒரு தோழி அதைப் பத்து அத்தியாயம் பத்திரமாக வைத்திருந்தார். "மிஸ்டர் ஹாரிஸ், நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றே போகிறது கதை. பதினோராவது அத்தியாயத்தில் கிணறு வெட்டும்போது மண் சரிகிறது. அவள் விளிம்பில் குப்புற விழுந்து, உள்ளே பார்த்துக் கத்துகிறாள்: "தாமஸ்! கயிற்றைப் பிடி!"